மூடாத எலை

முப்பத்தொண்ணு. செவுத்துல மாட்டியிருக்கிற ஸ்பீக்கரு பொட்டிக்குள்ள இருந்து ஒரு பொம்பளப்புள்ள சொல்லுது, "டோக்கன் எண், முப்பத்து ஒன்று." மூக்க லேசாப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு கதவச் சாத்திச் சாத்திப் பேசுனா அந்தக் கொரலு வந்துரும். இப்பத்தான் பேசிப் பாத்தேன், "டோக்கன் எண், தவமணி, சாப்பிட்டாயா"ன்னு. எதுத்த பெஞ்சுல ரெண்டு பேரு சிரிச்சாய்ங்க. தவமணி எந்தொடையில நறுக்குன்னு கிள்ளி, "ஆஸ்பத்திரியிலயாவது வாய மூடுய்யா"ன்னா. கட்டுன பொண்டாட்டி சொன்னா மூடித்தான ஆகணும், மூடிட்டேன். மூடுனா என்ன, உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நமக்கு முப்பத்தெட்டு. இன்னும் ஏழு பேரு உள்ள போயி வரணும். அப்புறம் டாக்டரம்மா ஒரு பேப்பர நீட்டும், நான் கையெழுத்துப் போடணும், போட்டா வர்ற வியாழக்கெழம பாப்பாவோட எடது கையில சுண்டுவெரலுக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற ஆறாவது வெரல எடுத்துருவாக. அம்புட்டுத்தான். நேத்தே அடுப்படியில நின்னு தவமணிகிட்ட சொல்லியாச்சு, நீ சொன்னா சரின்னு. சரின்னு சொல்லும்போது யாரு கொரல்ல சொன்னேன்னு யோசிச்சுப் பாக்குறேன். எங்க ஓட்டல் மொதலாளி கொரலு. அவரு கறிகாக்காரன்கிட்ட வெல படிஞ்சதும் சொல்ற சரி. பாப்பா பொறந்து அஞ்சு மாசம், கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு வந்தவ, நான் அவள மொதலாளியம்மான்னுதான் கூப்பிடுறது, தவமணி மடியில வாயத் தொறந்துக்கிட்டு தூங்குறா. எடது கையில மட்டும் ஒரு மஞ்ச சாக்ஸு. சித்திர வெயிலு, ஃபேன் காத்தே அனலா எறங்குது, அதுல சாக்ஸு. பக்கத்துல ஒக்காந்திருக்கிற அக்கா மொதல்லயே கேட்டுருச்சு, "ஏம்மா, ஒத்தக் கைக்கு மட்டும் மாட்டியிருக்க?" "மூஞ்சியக் கீறிக்கிறாக்கா"ன்னா தவமணி. "அப்ப வலது கையால கீற மாட்டாளா?" போலீஸுல இருக்க வேண்டிய அக்கா, இங்க ஒக்காந்திருக்கு. தவமணி முந்தானைய இழுத்து சாக்ஸு மேல போட்டு மூடிக்கிட்டா.

எனக்கும் அதே கையிலதான் ஆறாவது வெரலு. எடது கை, சுண்டுவெரலுக்கு வெளிய, ஒரு புளியங்கொட்ட தண்டிக்கு, அதுக்கு ஒரு நெகம் வேற. அந்த நெகத்த வெட்டுறதுக்கு நெகவெட்டியே மொணங்கும், இவ்வளவுதானான்னு. முப்பது வருசமா ஓட்டல் சப்ளை வேல, ஒத்தக் கையில தண்ணி டம்ளரு அஞ்சு எடுத்தா அதுல பாதி எடை அந்தப் புளியங்கொட்ட மேலதான் ஒக்காரும். சாம்பார் வாளி சுட்டா மொதல்ல அதுக்குத்தான் தெரியும். மத்த அஞ்சு வெரலும் சும்மா இருக்கும், இது மட்டும் துள்ளும், ஏலேய் கீழ வைடான்னு. பாப்பாவுக்கு அது கொத்தமல்லி வெத மாதிரி இருக்கு. பொறந்த அன்னைக்கு நர்ஸம்மா தூக்கிட்டு வந்து காட்டுனப்ப நான் மூஞ்சியப் பாக்கல, கையத்தான் பாத்தேன். பாத்ததும் என் புளியங்கொட்டய அது பக்கத்துல வச்சுப் பாத்தேன். சந்தோசமா பயமான்னு இன்னைக்கு வரைக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியல. போன வாரம் டாக்டரம்மா தொட்டுப் பாத்துட்டு, "இது எக்ஸ்ட்ரா வெரல், உள்ள சின்னதா எலும்பு இருக்கு, இதால பாப்பாவுக்கு ஒரு கெடுதலும் இல்ல, எடுக்கலாம், விடலாம், உங்க இஷ்டம், ஓகேவா?"ன்னுச்சு. எதச் சொன்னாலும் கடைசியில ஒரு ஓகேவா. நான் வெளிய வந்து நாலு நாளா அதேதான், தவமணி தோசை ஓகேவா, மொதலாளி சம்பளம் ஓகேவா. ஆனா நர்ஸம்மா சீட்டுல எழுதிக் கொடுத்தது வேற. தவமணி தம்பி வீரணன் வாசிச்சுட்டு, "எக்ஸஸ்னு போட்ருக்கு மாமா"ன்னான். "எக்ஸ்ட்ராவத்தான்டா அப்படி எழுதியிருக்கும்." "இல்ல மாமா, எக்ஸ்ட்ரா வேற, எக்ஸஸ் வேற, சர்ப்ளஸ் வேற." அவனுக்குத் தெரியும். ஓசூர்ல ஒரு கம்பெனியில நாலு வருசம் வேல பாத்தான், ஒரு நாள் ஒரு தாள் ஒட்டுனாய்ங்க, அவன் பேருக்கு நேரா சர்ப்ளஸ்னு போட்டு. "அப்படின்னா என்னடா?" "மிச்சம்னு அர்த்தம்." "மிச்சம்னா நல்லதுதானடா, விசேசத்துல மிச்சமானத வீட்டுக்குத்தான கொண்டு போவோம்." "அதத்தான் மாமா செஞ்சாய்ங்க, வீட்டுக்கு அனுப்பிட்டாய்ங்க." சொல்லிட்டு சிரிச்சான். சிரிச்சுட்டு, கைய என்ன செய்யிறதுன்னு தெரியாம சட்டப் பையில வச்சுக்கிட்டான். நாலு வருசம் நட்டு முறுக்குன கை.

"டோக்கன் எண், முப்பத்து மூன்று." ரெண்டு போயிருச்சா, நான் கவனிக்கல. எக்ஸ்ட்ரா எனக்குத் தெரியாதா, அது எங்க வீட்டுச் சொல்லு. "சர்வரு, எக்ஸ்ட்ரா சாம்பார்!" கேக்கும்போதே அவன் மொகத்துல ஒரு வெளிச்சம் வரும். எக்ஸ்ட்ரா கேட்டு அழுதவன நான் பாத்ததில்ல. நான் அடுப்படியப் பாத்து கத்துவேன், "எக்ஸ்ட்ரா ஒண்ணேய்!" அந்த ஏய்ய இழுத்து மேல கொண்டு போயி ஒரு சுத்து சுத்தி எறக்கணும், அதுக்குன்னே வர்ற ஆளுக உண்டு. எக்ஸ்ட்ராங்கிறது ஒருத்தன் வாய் தொறந்து வேணும்னு கேட்டு வர்றது. அப்படிப் பாத்தா இந்த வெரல யாரு கேட்டா. நானும் கேக்கல, இவளும் கேக்கல. அப்ப ஸ்பேரா? சேந்த புதுசுல மொதலாளி என்னைய யாருக்காச்சும் காட்டும்போது, "இவன் நம்ம ஸ்பேரு"ம்பாரு. மூணு வருசம் ஸ்பேரு. கிரைண்டருக்குப் பக்கத்துல ஒரு கவுந்த டின்னு மேல ஒக்காந்திருப்பேன், எவனுக்காச்சும் காச்ச வந்தா எனக்கு டேபிளு. ஒரு நாள் நான் மனசுக்குள்ள வேண்டுனேன், மூணாம் டேபிளப் பாக்குற சர்வருக்கு வயித்தால போகணும்னு. போயிருச்சு. எனக்கு அன்னைக்கு டேபிளு கெடச்சுச்சு, ஆனா சாயந்தரம் வரைக்கும் அவன் மூஞ்சியத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஸ்பேருன்னா அடுத்தவன் கஷ்டத்துக்குக் காத்துக்கிட்டிருக்கிறது, ஆட்டோவுக்குப் பின்னாடி தொங்குதே ஸ்டெப்னி, அது மாதிரி. மத்த அஞ்சு வெரல்ல ஒண்ணுக்கு என்னமாச்சும் ஆகட்டும்னா இது காத்துக்கிட்டிருக்கு? சே. அது பாட்டுக்கு டம்ளரத் தாங்குது, அதுக்கு வஞ்சகம் கெடையாது. சர்ப்ளஸும் இல்ல, சர்ப்ளஸுன்னா எங்கயாச்சும் அனுப்பி வைக்கலாம், இன்னொரு பந்தியில அத எடுத்துப் போடலாம், வீரணன கூட நாளைக்கு இன்னொரு கம்பெனி கூப்பிடும். வெரல எங்க அனுப்புறது. எடுத்தப்புறம் அத என்ன செய்வாக? கேக்கணும்னு நெனச்சேன், கேக்கல. குப்பையிலயா போடுவாக. கொத்தமல்லி வெத தண்டி வெரலுல ஒரு நெகம், அஞ்சு மாசத்துல தவமணி அதப் பல்லால கடிச்சு கடிச்சு வெட்டி விட்டிருக்கா.

எக்ஸஸ் என்னான்னு இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுச்சு. கீழ லிப்டுல ஏறுனோம். தவமணியும் பாப்பாவும் மொதல்ல, வீரணன் அடுத்து, நான் கடைசி. கால வச்சதும் கீ கீ கீன்னு கத்துது. உள்ள ஒரு ஆளு, என்னைய மாதிரி ரெண்டு பேரு செய்யலாம், அம்புட்டுத் தண்டி, ஆடாம அசையாம மேலயே பாக்குறாரு. எல்லாரும் என்னையப் பாக்குறாய்ங்க. என் எடை ஐம்பத்திரெண்டு கிலோ. வீரணன் சொன்னான், "எக்ஸஸ் மாமா, கனம் கூடிப்போச்சு, எறங்கிக்க." எறங்குனேன். கத்துறது நின்னுபோச்சு. கதவு மூடுறப்ப தவமணி என்னையப் பாத்த பார்வைய நான் மறக்கணும். படியேறி வரும்போது நெனச்சேன், யாரு கனம்னு லிப்டுக்குத் தெரியாது, கடைசியா ஏறுனவன்தான் எக்ஸஸ். வாசலு ஓரத்துல நிக்கிறவன். வெரலும் ஓரத்துலதான நிக்குது. நடுவுல மொளச்சிருந்தா எது கூடுன வெரலுன்னு யாருக்குத் தெரியும், டாக்டரம்மாவே தெகைச்சிருக்கும், ஓகேவான்னு சொல்ல வாய் வந்திருக்காது. இத தவமணிகிட்டச் சொன்னா சிரிப்பா. இல்ல, இன்னைக்குச் சிரிக்க மாட்டா. அவ குனிஞ்சு பாப்பா நெத்தியில ஊதிக்கிட்டே இருக்கா. சாக்ஸுக்குள்ள அந்தக் கை வேர்த்துப் போயிருக்கும். "சாக்ஸக் கழட்டேன், புழுங்கும்"னேன் மெதுவா. "இருக்கட்டும், வியாழக்கெழமைக்கப்புறம் போட மாட்டேன்"னா.

அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஒம்பது வருசம். விசேச வீட்டுல அவ போயி நின்னா பேச்சு நிக்கும், அவ நகந்தா பேச்சு தொடரும். நேத்து அடுப்படியில அவ சொன்னது அதுதான், "ஒம்பது வருசம் என்னையப் பேசுனாய்ங்க, அவள ஒரு நாள் கூட எவனும் பேசக் கூடாது." அதுக்கு நான் என்ன சொல்ல. எனக்குப் பள்ளிக்கூடத்துல பேரு ஆறுமுகம். வச்ச பேரு சோணமுத்து, ஆனா அங்க எவனும் அப்படிக் கூப்பிட்டதில்ல. கணக்கு வாத்தியாரு, "பத்துக்குள்ள வெரல் விட்டுக் கூட்டுறதுக்கு இவனக் கூப்பிடாதீங்கடா, ஒண்ணு கூடுதலா வரும்"பாரு. கூட்டம் சிரிக்கும். ஒரு நாள் அவரு வர்றதுக்கு முன்னாடி நானே மேசை மேல ஏறி நின்னு, அவரு மாதிரி தொண்டயச் செருமி, கண்ணாடிய மேல தள்ளி, அதையே சொன்னேன். அன்னைக்குச் சிரிச்சாய்ங்க பாரு, அது வேற சிரிப்பு. அந்தச் சிரிப்பு எங்கையில இருந்துச்சு, அவரு கையில இல்ல. அன்னையில இருந்து நிறுத்தல. அஞ்சாப்போட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு, இது நிக்கல. எவனாச்சும் எங்கையப் பாக்குறதுக்குள்ள அவன் மாதிரி நான் பேசிருவேன், அவன் பாக்க மறந்துருவான். எனக்கு வாய் இருந்துச்சு. பாப்பாவுக்கு இல்லாமப் போச்சுன்னா? அமைதியான புள்ளையா வந்துட்டா? தவமணி மாதிரி, உள்ள வச்சுக்கிட்டு, பேச்சு நிக்கிற எடத்துல தலையக் குனிஞ்சு நிக்கிற புள்ளையா வந்துட்டா? இது எனக்கு இப்பத்தான் தோணுது. கல்யாணத்தன்னைக்கு எங்கையில துண்டு. போட்டோ பூராவும் துண்டுதான், எங்கக்கா சொல்லிச் சொல்லிப் போட்டு விட்டுச்சு. தாலி கட்டும்போது மட்டும் எடுத்துத்தான ஆகணும். மூணாவது முடிச்சுல கயிறு அந்தப் புளியங்கொட்டையில மாட்டிக்கிச்சு, இழுக்குறேன் வரல, மேளம் அடிச்சுக்கிட்டே இருக்கான் பாவம். ராத்திரி தவமணி சொன்ன மொதப் பேச்சு என்ன தெரியுமா, "எம்பிடரியில பல்லி விழுந்துருச்சுன்னு நெனச்சேன், ஆடக் கூடாதுன்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்." நான் பல்லி மாதிரி உச்சுக் கொட்டிக் காட்டுனேன். அவ சிரிச்சா. அப்புறம் அந்த வெரலப் பிடிச்சுப் பாத்து, "சூடா இருக்கு"ன்னா. அம்புட்டுத்தான், அதுக்கப்புறம் ஒம்பது வருசத்துல அதப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல. எங்கையில இருக்கும்போது அது வெறும் வெரலு. அவ புள்ள கையில வந்ததும் சாக்ஸு.

முப்பத்தாறு. உள்ள போன ஆளு ஒடனே வந்துட்டாரு. வெரசாப் போகுது. எனக்கு என்னமோ அந்த அப்பளம் ஞாபகத்துக்கு வருது, எதுக்கு வருது, ஆறு வருசமாச்சு. முகூர்த்த நாளு, மதியச் சாப்பாடு, நிக்க எடமில்ல, ஒவ்வொரு சேருக்குப் பின்னாடியும் ரெண்டு பேரு அடுத்த எடத்துக்கு நிக்கிறாய்ங்க. மூலையில ஒத்த ஆளா ஒருத்தரு, வெள்ளச் சட்ட, பேசாம சாப்பிட்டாரு, சாம்பார், ரசம், எல்லாம் ஆச்சு. போனு அடிச்சுச்சு, எந்திரிச்சு வாசலுக்குப் போனாரு. எலையில ஓரமா ஒரு அப்பளம், தொடவே இல்ல, ஒதுக்கி வச்சிருக்கு. வேணாம்னு ஒதுக்கிட்டாரு, முடிச்சுட்டாருன்னு நானே எலைய மூடி எடுத்துப் போட்டுட்டு மேசையத் தொடச்சுட்டேன். திரும்பி வந்தாரு. மேசையப் பாக்குறாரு. என்னையப் பாக்குறாரு. "தம்பி, நான் இன்னும் மோருக்கு வரலையே. அப்பளத்த மோருக்குன்னு வச்சிருந்தேன்." கோவமே இல்ல அவரு கொரல்ல, அதான் இன்னும் கேக்குது, அந்தக் கொரல மட்டும் நான் இது வரைக்கும் பேசிக் காட்டுனதில்ல, வராது. "வேற எலை போடுறேன் சார், அப்பளம் ரெண்டு வைக்கிறேன் சார்"னேன். "வேணாம்யா, நான் மூடலையே"ன்னு சொல்லிட்டு கை கழுவப் போயிட்டாரு. அடுத்து நின்ன ஆளு அவரு சேர்ல ஒக்காந்துட்டான். மொதலாளி என்னைய வையல. கிட்ட வந்து, "ஏன்டா சோண, எலையில இருக்கிறது மிச்சமா, வேணுமான்னு நீ யார்ரா சொல்றதுக்கு? மூடுறது சாப்பிடுற ஆளு வேல. எடுக்குறதுதான் நம்ம வேல"ன்னாரு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி தவமணிகிட்டச் சொல்லிட்டு நான் சாப்பிடல. அவ கேட்டா, ஒரு அப்பளத்துக்கா இம்புட்டுன்னு. அப்பளத்துக்கு இல்ல. ஓரத்துல இருந்துச்சு, அதனால வேணாம்னு நான் நெனச்சேன் பாரு, அதுக்கு. அவரு கடைசிக்குன்னு வச்சிருந்தாரு.

"டோக்கன் எண், முப்பத்து எட்டு." உள்ள போனோம். டாக்டரம்மா பாப்பா கன்னத்தத் தட்டுச்சு, நர்ஸம்மா பேப்பர எடுத்து வச்சு, கையெழுத்துப் போட வேண்டிய எடத்துல பேனாவால ஒரு புள்ளி வச்சுக் கொடுத்துச்சு. "என்ன, முடிவு பண்ணியாச்சா? வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்துருங்க, ஓகேவா?" பேனா எங்கையில இருக்கு. வலது கையில. எடது கையால பேப்பரப் பிடிச்சிருக்கேன், டாக்டரம்மா அப்பத்தான் என் வெரலப் பாத்துச்சு. தவமணி சாக்ஸக் கழட்டிக் காட்டுறா, பாப்பா முழிச்சுக்கிட்டா, வேர்த்துப் போன கைய விரிச்சு விரிச்சு மூடுறா, ஆறும் விரியுது, ஆறும் மூடுது. ஒண்ணு கூட சோம்பல. வாயில என்னென்னமோ கொரலு வருது எனக்கு, பொட்டிக்குள்ள இருக்கிற பொம்பள, மொதலாளி, கணக்கு வாத்தியாரு, எல்லாரும் வந்து நாக்கு நுனியில நிக்கிறாய்ங்க, எவனையும் விடல நான். "அம்மா, அவ இன்னும் எலைய மூடலங்க"ன்னேன். டாக்டரம்மா, "என்னது?"ன்னுச்சு. ஆனா தவமணி திரும்புனா. என்னையப் பாத்தா, லிப்டுல பாத்த பார்வ இல்ல இது. "இது யாரு கொரலுய்யா?"ன்னா. "என்னோடதுதான்." "அவளப் பேசுவாய்ங்கள்ல?" பேச மாட்டாய்ங்கன்னு சொல்லியிருக்கலாம், ஒரு வேடிக்கையப் போட்டு மழுப்பியிருக்கலாம், எனக்கா தெரியாது. "பேசுவாய்ங்க தவமணி"ன்னேன். அவ பாப்பா கையவே பாத்துக்கிட்டிருந்தா. நர்ஸம்மா பேனாவத் திருப்பித் தாங்கங்கிற மாதிரி கைய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் தவமணி டாக்டரம்மாகிட்ட, "பெரியவளாகி அவளே வேணாம்னு சொன்னா, அப்ப எடுக்கலாமாம்மா?"ன்னு கேட்டா. "தாராளமா எடுக்கலாம். இப்பன்னா தழும்பு தெரியாது. அப்பன்னா கொஞ்சம் தெரியும், வலியும் அவளுக்கு ஞாபகம் இருக்கும். அதையும் யோசிச்சுக்கோங்க." தவமணி யோசிச்சா. நெசமாவே யோசிச்சா, எனக்காக இல்ல. "அப்ப அவ சொல்லட்டும்மா"ன்னா. டாக்டரம்மா பேப்பர மடிச்சு சீட்டோட வச்சுக் குத்திட்டு, இந்த ஒரு தடவ ஓகேவான்னு கேக்கல. "ஓகே"ன்னுச்சு.

வெளிய வந்தா வீரணன் எந்திரிச்சு நிக்கிறான், என்னாச்சுக்காங்கிறான். தவமணி பெஞ்சுல ஒக்காந்து பையத் தொறந்தா. மஞ்ச சாக்ஸ விரிச்சுக் கையில பிடிச்சா. மாட்டுவாளோன்னு பாத்தேன். மாட்டல. பாப்பா கை எடுக்கு எடுக்குல இருந்த ஈரத்த முந்தானையால தொடச்சா, ஆறாவது வெரலு எடுக்கையும் விடாமத் தொடச்சா, சாக்ஸப் பைக்குள்ள தள்ளி ஜிப்ப இழுத்துட்டா. போலீஸு அக்கா இன்னும் அங்கயேதான் இருக்கு, அதுக்கு நாப்பத்தொண்ணாம் டோக்கன். எட்டிப் பாத்து, எண்ணிப் பாத்து, வாயில கைய வச்சுக்கிச்சு. "அடியாத்தீ! ஆறா?" தவமணி தலையக் குனிவான்னு நெனச்சேன். பாப்பாவத் தோள்ல தூக்கிப் போட்டா, நிமிந்தா, அடுப்படியப் பாத்துக் கத்துற மாதிரி அந்த ஹாலே திரும்புற மாதிரி இழுத்தா, "எக்ஸ்ட்ரா ஒண்ணேய்!" ஒரு சுத்து சுத்தி எறக்கவும் செஞ்சா. கொஞ்சம் நடுங்குச்சு, ஆனா அச்சு அசலா என் கொரலு.